கழற்றிய வால்வு

கனடாவின் வின்னிபெக்கில் காரை மின்சாரப் பிளக்கில் செருகி வைக்கிறார்கள். பேட்டரி வண்டியை அல்ல, பெட்ரோல் வண்டியை. குளிரில் இன்ஜின் விறைத்துப்போகாமல் இருக்க அதற்குச் சூடு காட்ட வேண்டுமாம். கும்மிடிப்பூண்டியில் பதினோரு வருடம் இன்ஜின் சூட்டைத் தணித்தே பிழைத்தவன் நான். முதன்முதலில் பார்த்தபோது சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அங்கே சிப்காட் பக்கம் நானும் நண்பன் டேனியலும் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தோம். கோடையில் லாரிகள் ஆவி கக்கிக்கொண்டு வந்து நிற்கும். தண்ணீர் குறைந்திருக்கிறதா, ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, போர்வெல் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரை அடைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்போம். எதுவும் இல்லையென்றால் டேனியல் ரேடியேட்டரின் இரண்டு ஹோஸ்களையும் தொடுவான். மேலே சுட்டு, கீழே சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கவில்லை, தண்ணீர் ரேடியேட்டருக்கே போகவில்லை என்று அர்த்தம். இன்ஜின் சூடேறும்வரை மூடியிருந்து, சூடேறியதும் திறந்து தண்ணீரை விடுவதுதான் அதன் வேலை. “அத்த கழட்டி கடாசுடா. நம்ம ஊரு வெயிலுக்கு அது இன்னாத்துக்கு?” என்பான். புது வால்வு மாட்டியதாக எனக்கு நினைவே இல்லை.

இங்கே வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், லிண்டா என்ற நர்ஸின் கார் சூடேறி நின்றது. எனக்கோ வேலையில் இன்னும் சோதனைக் காலம். ஒரு புகார் வந்தாலும் வேலை போய்விடும். தொட்டுப் பார்த்தேன், அதே கோளாறு. புது வால்வு வர இரண்டு நாளாகும் என்றார்கள். யாரையும் கேட்காமல் பழையதைக் கழற்றிவிட்டு, “இனி சூடாகாது” என்று பெருமையாகச் சாவியைக் கொடுத்தேன். மறுநாள் காலை கைக்குழந்தையைக் கோட்டுக்குள் பொதிந்துகொண்டு வந்து நின்றார். இன்ஜினின் சூட்டை வாங்கித்தான் வண்டிக்குள் ஹீட்டர் வெப்பம் தரும். வால்வு இல்லாத இன்ஜின் சூடேறவே இல்லை. மைனஸ் முப்பது டிகிரியில் அரைமணி நேரம் அந்தக் குழந்தை வந்திருக்கிறது.

யார் செய்தது என்று முதலாளி கேட்டார். நான்தான் என்றேன். புகார் எழுதுகிறீர்களா என்று லிண்டாவிடம் கேட்டார். “சூடாகாது என்றார். ஆகவில்லை,” என்றார் லிண்டா. விளையாட்டாகச் சொன்னாரா, குத்திக்காட்டினாரா, இன்றுவரை தெரியவில்லை. புகார் மட்டும் எழுதவில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது டேனியலின் லோடு வண்டி ஆவி விட்டது. வால்வுதான். பொன்னேரி வரை போய்ப் புதிது வாங்கி வந்து மாட்டினேன்.

“இன்னாடா, அந்த ஊரு குளிர இங்க கொண்டாந்து மாட்டற?”

குழந்தை நடுங்கிய கதையைச் சொன்னேன்.

“கழட்ட சொல்லிக் குட்த்தவன் நான்னு அங்க சொன்னியா?”

இல்லை என்றேன். அவன் ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

இன்று காலை போன் செய்தான். மார்ச்சிலேயே வெயில் பேஜாராம். “நீ போட்ட வால்வ கழட்டிட்டேன்டா. கோச்சிக்காத. கடாசல, எடுத்து வெச்சிக்கினு கீறேன். நீ வந்தா மாட்டிக்கலாம்.”

சரி என்றேன். போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, விறைத்த விரல்களால் காரின் பிளக்கைப் பிடுங்கினேன்.