நின்று கேட்ட பாட்டு

லண்டனில் வேலை பார்த்த மாப்பிள்ளை, என்னைப் பெண் பார்க்க உத்திரமேரூர் வந்தபோது, லண்டனில் வாராவாரம் ஒரு மண்டபத்தில் நின்றுகொண்டே வெள்ளைக்காரர் கச்சேரி கேட்பதாகச் சொன்னார். உட்காரும் டிக்கெட் விலை அதிகமாம்.

"பாட்டு கேக்க எவன்டீ நிப்பான்? கூட எவளோ வெள்ளைக்காரி நின்னுக்கினு கீறா" என்றாள் அத்தை. எனக்கும் அதே சந்தேகம். ஆனாலும் அப்பா நாள் குறித்துவிட்டார்.

மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரர் வழக்கம்போல், வெள்ளைக்காரர் பேண்டு மெட்டான 'இங்கிலீஷ் நோட்டு' வாசித்தார். ஜன்னல் வழியே பார்த்தேன். கார் நின்றது. மாப்பிள்ளை மாலையோடு இறங்கி, கண்ணை மூடி, வாசித்து முடிக்கும்வரை தெருவில் அசையாமல் நின்றார்.

"அய்ய, நெசமாவே நிக்கிறாருடி!" என்றாள் அத்தை.

மறுநாள் கழுத்தை நீட்டினேன். சந்தேகம் முழுவதும் போய்விட்டதாகச் சொல்ல மாட்டேன். பிறகு லண்டனில் அதே மண்டபத்தில் அவரோடு நானும் நின்றேன். அவர் கண்ணை மூடியதும், அவருக்கு அந்தப் பக்கம் நிற்பது யார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டேன்.