கீழச்சிவல்பட்டியில் அண்ணனுக்குக் கூடிய கூட்டம்

எங்கள் அண்ணன் பட்டணத்தில் கிரிக்கெட் ஆடிப் பேர் வாங்கியவர். முழங்கால் போய், ஆட்டத்தை விட்டு, சொந்த ஊரான கீழச்சிவல்பட்டிக்கு வந்து படுத்தவர் போன மாசியில் இறந்துபோனார். சாவுக்குப் போய்த் திரும்பிய நான், கருமாதிக்கு மறுபடியும் காரைக்குடியிலிருந்து போனேன். அவர் வீட்டைப் பார்க்க இன்னும் ஆட்கள் புறப்படுகிறார்கள் என்று கேள்வி. அவர்களுக்காகத்தான் வழியை எழுதுகிறேன். எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. அவர் உயிரோடு கிடந்தபோது ஏன் ஒருத்தர்கூட வரவில்லை என்று அந்தக் கூட்டத்தைக் கேட்க வேண்டும்.

காரைக்குடி செக்காலையில் காலை ஆறரைக்குத் திருப்பத்தூர் போகும் மோட்டார் பஸ் நிற்கும். கட்டணம் ஐந்தணா. முன்பக்கம் உட்காருங்கள், பின்னால் தூக்கித் தூக்கிப் போடும். அன்றைக்கு எனக்குப் பின்னால் கோட்டுப் போட்ட இரண்டு பேர், மடியில் மாலைக் கூடையோடு இருந்தார்கள். குன்றக்குடி வரைக்கும் அண்ணன் பேச்சுதான்.

“பந்து போட ஓடியாந்தாருன்னா, கால் தரையில பட்டமாதிரியே தெரியாதுய்யா.”

“நீ எங்க பார்த்த? நீ அப்ப ரெங்கூன்ல கணக்கு எழுதிக்கிட்டுல்ல இருந்த!”

“பார்த்தவுக சொன்னாகப்பா. பார்த்தது மாதிரித்தான்.”

அவர்களில் இளையவர் என் பக்கம் குனிந்தார். “நீங்களும் கேதத்துக்கா போறீக அக்கா? அவரு ஒங்களுக்கு என்ன வேணும்?”

“கூடப்பிறந்தவரு.”

அவர் மாலைக் கூடையை மடியில் சரியாக வைத்துக்கொண்டார். பிறகு அவரே, “அவரப் பார்க்கணும்னு ரொம்ப நாளா நெனப்புக்கா. நேரமே வாய்க்கல” என்றார்.

“இந்த மோட்டாரு தெனமும் ஓடுதுப்பா” என்றேன்.

திருப்பத்தூரிலிருந்து மாட்டு வண்டி. ஆறு மைல் என்பார்கள். எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஊர் நெருங்கியதும் வழியெல்லாம் வண்டிகள். “கல்யாணத்துக்குக்கூட இம்புட்டு வண்டி வந்ததில்லத்தா. அங்குட்டு எறங்கி நடங்க, மாடு நுரை தள்ளுது” என்று வண்டிக்காரர் இறக்கிவிட்டார்.

வீட்டுக்குள் அண்ணன் படமே தெரியாத அளவுக்கு மாலை. அவரோடு ஆடியவர்களும் ஆட்டம் பார்த்தவர்களும் பெஞ்சியில் உட்கார்ந்து, அவர் யார் யாரை எப்படி வீழ்த்தினார் என்று கண் கலங்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தை விட்ட அன்று இவர்கள்தான் “ஊருக்கு வந்து பார்க்கிறோம்” என்று அண்ணனை ரயிலேற்றி அனுப்பியவர்கள். அதை நம்பி, ஞாயிற்றுக்கிழமை வந்தால் அண்ணன் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, கட்டிலை வாசலைப் பார்க்கப் போடச் சொல்வார். அவர்களுக்கென்று பட்டணத்திலிருந்து ஒரு டப்பா காப்பித்தூளும் வரவழைத்து வைத்திருந்தார். அந்த டப்பாவை அண்ணன் மனைவி, எங்கள் மதினி சொல்லி, அன்றைக்குத்தான் நான் திறந்து காப்பி போட்டுக் கொடுத்தேன்.

“தூள் கொஞ்சம் பழசு போலருக்கே?” என்றார் ஒருவர்.

“ஆமய்யா. ஒங்களுக்குன்னு வாங்கி வச்சது.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என் கேள்வியைக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அண்ணன் ஆடிய அணிக்குத் தலைவராக இருந்தவர், மதினி இருந்த அறை வாசலில் நின்று கும்பிட்டு, “போயிட்டு வாரோம்மா” என்றார்.

வீடே திடுக்கிட்டது. கேத வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். வாரோம் என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாக அர்த்தம். மதினியின் மாமா ஓடிவந்து, “என்ன வார்த்தய்யா சொல்லிப்புட்டீக!” என்று அவர் கையைப் பிடித்தார்.

அன்று வந்தவர்கள் யாரிடமும் வாய் திறக்காத மதினி உள்ளேயிருந்து சொன்னார்: “விடுங்க மாமா, பயப்படாதீக. அவரு இருந்தப்பவும் இதத்தான் சொன்னாக. இவுக வாரோம்னு சொன்னா வரமாட்டாக.”

அதற்குமேல் நான் கேட்க ஒன்றும் இல்லை.

போகிறவர்கள் வண்டியைத் திரும்பி வரவும் பேசி நிறுத்திக்கொள்ளுங்கள். திருப்பத்தூரில் கடைசி மோட்டார் ஐந்தரைக்கு. வீட்டில் பார்க்க ஒன்றுமில்லை. பந்தையும் மட்டையையும் ஞாபகத்துக்கென்று அன்றைக்கே கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள். கட்டில் மட்டும் இன்னும் வாசலைப் பார்த்துக் கிடக்கிறது. உங்கள் ஊரிலும் ஆட்டத்தை விட்டவர் யாராவது படுத்திருந்தால், எங்கள் வீட்டுக்கு வராமல் அங்கே போங்கள். காப்பித்தூள் பழசாவதற்குள் போங்கள்.