நான் வரைந்த வாசல்

கம்ப்யூட்டரில் என்ன வேலை வேண்டுமானாலும் கொடுங்கள், செய்து காட்டுகிறேன். இதைத் திமிர் என்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். தொண்ணூறுகளில் இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் ஒரு ஸ்டூடியோவில்தான் தொடங்கினேன். கலியாண வீடியோவுக்கும் சடங்கு வீடியோவுக்கும் டைட்டில் போடுவது என் வேலை. மாப்பிள்ளை பெயரும் பொண்ணு பெயரும் இரண்டு பக்கமிருந்தும் பறந்து வந்து ஒரு ரோசாப்பூ மொட்டுக்குள் நுழையும், மொட்டு மெல்ல விரியும். சும்மா சொல்லக்கூடாது, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த எங்கள் லயமே வாயைப் பிளந்து பார்த்தது. "எம் பொண்ணு கலியாணத்துக்கும் அந்தப் பூவப் போட்டுருங்க" என்று தலவாக்கலையிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள்.

அப்புறம் கொழும்பு. விளம்பரக் கம்பெனி ஒன்றில் கொஞ்ச காலம் பிஸ்கட்டுகளைப் பறக்கவிட்டேன். அது சலித்ததும், கட்டாத ஓட்டலைக் கட்டியது போலவே காட்டும் ஒரு கம்பெனிக்குத் தாவினேன். தலையில் ஹெல்மெட் மாதிரி ஒன்றை மாட்டிவிட்டால், அஸ்திவாரமே போடாத ஓட்டலுக்குள் முதலாளி உலா வருவார். வேர்ச்சுவல் ரியாலிட்டி என்று அதற்குப் பெயர். தலையைத் திருப்பினால் படமும் கூடவே திரும்ப வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் பார்ப்பவருக்குக் குமட்டும். ஒரு முதலாளி நிஜமாகவே வாந்தியெடுத்தார். அந்தப் பிந்தலைச் சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்துதான் நான் சாப்ட்வேர் எஞ்சினியர் ஆனேன். என் கை பட்ட பிறகு அங்கே யாரும் வாந்தியெடுக்கவில்லை.

இத்தனை பேரைச் சமாளித்த எனக்குக் கடைசிவரை பிடிகொடுக்காத ஒரே வாடிக்கையாளர் அம்மாதான்.

அம்மா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். வயதாகி, தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டி, வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். காம்பரா என்று நாங்கள் சொல்லும் லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம், வீட்டில் ஒருவருக்காவது தோட்டத்தில் பேர் இருந்தால்தான் அதில் குடியிருக்கலாம். நானோ கொழும்பில். ஒருநாள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து இஸ்தோப்புத் திண்ணையில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்: "தோட்டத்து தொர காம்பராவக் கேக்குறாரு. வேல செய்ற குடும்பத்துக்குக் குடுக்கணுமாம். தைப்பொங்கலுக்குள்ள ஒரு முடிவு சொல்லிருங்க."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மழையும் அட்டையும் பாராமல் ஆயுசு முழுக்க அந்த மலையில் ஏறி இறங்கிய மனுஷிக்கு நின்ற நிலையில் சொல்லும் சேதியா இது? அந்தக் கோபத்திலேயே கொட்டகலையில் ஒரு துண்டுக் காணி வாங்கினேன். வீட்டுக்குப் பிளான் போட்டு, அதை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடுதாசியில நாலு கோட்டக் கிழிச்சு இதுதான் வீடுங்குற. யாரு காதுல பூ சுத்துற? நா தங்கச்சி வீட்டு இஸ்தோப்புல ஒரு மூலையில படுத்துக்குவேன், போ."

சித்தி வீட்டு இஸ்தோப்பில் இரண்டு ஆடுகள் ஏற்கெனவே படுத்துக்கொண்டிருந்தன. அம்மா வராத வீட்டை நான் யாருக்குக் கட்டுவது? பொங்கலுக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. சரி, முதலாளிமாருக்குச் செய்வதை அம்மாவுக்குச் செய்தால் என்ன என்று தோன்றியது. வீட்டை ஓடு முதல் அடுப்படி வரை கம்ப்யூட்டரில் கட்டினேன். கம்பெனியில் சொல்லி ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். பழைய ஸ்டூடியோக்கார அண்ணன் தன் பெரிய கம்ப்யூட்டரை விட்டுக்கொடுத்தார்.

ஸ்டூடியோவில் மாப்பிள்ளை பொண்ணு நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடத்தில், பிளாஸ்டிக் பூத்தோரணத்துக்குக் கீழே, அம்மாவை நிற்கவைத்து ஹெல்மெட்டை மாட்டினேன். நான் மவுஸை நகர்த்த நகர்த்த அம்மா வீட்டை நோக்கிப் போனார். வாசல் வந்தது. அம்மா சட்டென்று தலையைக் குனிந்தார். அடுப்படிக்குப் போகும்போதும் குனிந்தார். அறைக் கதவிலும் குனிந்தார்.

அண்ணன் சிரித்துவிட்டார். "அம்மா, அது நெசக் கதவு இல்லம்மா."

"எனக்குத் தெரியாதா தம்பி? ஒண்ணும் வெளங்காத கெழவின்னு நெனச்சீங்களா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். லயத்து வாசலில் தகரம் தாழ்வாக இறங்கும், குனியாமல் போனால் மண்டை வீங்கும். அதனாலேயே நான் வேண்டுமென்று உயர உயரமாக வாசல்கள் வைத்திருந்தேன். "எதுக்கும்மா குனியிறீங்க? எம்புட்டு ஒசரம்னு பாருங்க!"

"ஒசரந்தான், கண்ணு தெரியுது. ஆனா தொர பங்களாவுக்குள்ள நொழையிற மாதிரி இருக்கு. யாராச்சும் வந்து ஏன் வந்தேன்னு கேட்டா?"

அம்மா ஹெல்மெட்டோடு தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, யாரும் இல்லாத அந்த வீட்டை நன்றாகப் பார்த்தார்.

"இங்க கணக்கப்புள்ள வருவாரா?"

"எதுக்கு?"

"காம்பராவக் கேட்டு."

"வரமாட்டாரும்மா. வந்தாலும் நீங்க உக்காருங்கன்னு சொன்னாத்தான் உக்கார முடியும்."

ஹெல்மெட் அம்மாவின் முகத்தைப் பாதி மறைத்திருந்தது. உதடு மட்டும் லேசாகக் கோணியது, அழுகையா சிரிப்பா என்று பிடிபடவில்லை. அப்புறம், "திருப்பி வாசலுக்கு வுடு" என்றார்.

விட்டேன். இந்த முறை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாடியை உயர்த்திக்கொண்டு நிமிர்ந்தபடியே உள்ளே போனார். "அடுப்படிக்கு வெறகு வைக்க எடம் பத்தாது, பெருசா வையி" என்று உத்தரவும் போட்டார். எந்த முதலாளி சரி சொன்னபோதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

முழுதாகக் கட்டி முடிக்கப் பொறுமையில்லை. சுவர் பூசாமலேயே, பொங்கலுக்கு முன்பு பால் காய்ச்சினோம். லயத்துச் சனமெல்லாம் வந்து முற்றத்தில் நின்றது. அம்மா விளக்கை ஏந்திக்கொண்டு முன்னால் போனார், தலை ஒரு இம்மியும் தாழவில்லை. பின்னால் நான், கையில் பால் சட்டியோடு. அந்த வாசல் நிலையின் உயரம் எனக்கு மனப்பாடம், வரைந்தவளே நான்தான். அதற்குக் கீழே போகும்போது என் தலை தானாகக் குனிந்தது.

அம்மா திரும்பிப் பார்த்தார்.

"என்னத்தடி கீழ தேடுற? நிமிந்து வா. இது நம்ம வீடு."