ஒரே கணினியில் இரண்டு பாடம்

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில், பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் பழைய கணினி ஒன்றை வாங்கி வைத்தேன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு ஆபரேட்டர் வேலை. ஷிப்ட் முழுக்க ஒரே மிஷின் முன்னால் நின்று பட்டன் அழுத்துவேன். மெயின்டனன்ஸ் பிரிவுக்குப் போக வேண்டும் என்று ஆசை. அதற்கு பி.எல்.சி. தெரிய வேண்டும். மிஷின் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று உத்தரவு போடும் பெட்டி அது. சென்னைக்குப் போய்ப் படிக்க ஷிப்ட் இடம் கொடுக்கவில்லை.

அதனால் இணையத்திலேயே எனக்கென்று ஒரு வகுப்பறையைக் கட்டினேன். வீடியோ தளத்தில் கணக்குத் தொடங்கி, நன்றாகச் சொல்லித் தருபவர்களின் சானல்களைத் தேடிச் சேர்த்தேன். சென்சாருக்கு, மோட்டாருக்கு, வயரிங்குக்கு என்று பக்கங்களைத் தனித்தனியாகக் குறித்து வைத்தேன். மிஷின்காரர்கள் கூடும் ஒரு ஃபோரத்தில் தப்பும் தவறுமான இங்கிலீஷில் கேள்வி போட்டேன். எந்த ஊர்க்காரரோ தெரியாது, படம் வரைந்து பதில் அனுப்பியிருந்தார். அன்று கம்பெனி பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். போகப் போக, நான் தேடாமலேயே எனக்கு வேண்டிய பாடங்களை வீடியோ தளம் முகப்பில் எடுத்து வைத்தது. அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

நான் கணினி முன் உட்கார்ந்தால் என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. ‘அம்மா’ என்ற சொல்கூட வரவில்லை. வேண்டியதை நம் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவாள்.

“டாக்டராண்ட ஒருவாட்டி காட்டலாங்க” என்றாள் மனைவி.

“எங்க வூட்ல எல்லாமே லேட்டாதான் பேசும். நானே மூணு வயசுலதான் பேசுனனாம். நீ ஏன் சும்மா பயந்துகினு கீற?”

“இல்லங்க, பக்கத்து வூட்டுப் புள்ள இத விட சின்னது...”

“அப்புறம் பாக்கலாம்” என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் என் முகப்புப் பக்கம் கெட்டுப்போனது. மோட்டாருக்கும் வயரிங்குக்கும் நடுவில் வெளிநாட்டுப் பெண்கள் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு கன்னத்தை உப்பினார்கள், சோப்புக் குமிழி ஊதினார்கள். டேட்டா கார்டில் போட்ட நெட்டும் பாதி மாதத்திலேயே தீர்ந்தது.

“இதுல யாரு கை வச்சது?” என்று கத்தினேன்.

“பாப்பா எதனா தட்டியிருக்கும்” என்றாள், அரிசி களைந்த கையைக்கூடத் துடைக்காமல்.

அந்த வீடியோக்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். இனிமேல் இதெல்லாம் காட்டாதே என்று தளத்துக்குச் சொன்னேன். கணினிக்கு பாஸ்வேர்ட் போட்டேன். டேட்டா கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போக ஆரம்பித்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில மாதங்கள் கழித்து, லைன் பழுதாகி நின்றதால் எங்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. பீரோ கண்ணாடி முன்னால் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர். மனைவி பப்பாளித் தண்டை அதில் தோய்த்து வாயருகே கொண்டுபோய், ஊதாமல் காத்திருந்தாள். மகள் அவள் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “ஊ” என்றாள் மனைவி, கண்ணாடியைப் பார்த்து. மகள் வாயைக் குவித்தாள். சத்தம் வர நேரமாயிற்று. “ஊ” என்றாள். உடனே குமிழிகள் பறந்தன.

நான் நீக்கிய வீடியோக்களில் இருந்தது இதுதான். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

“இத எங்க கத்துகின?”

“உங்க கம்ப்யூட்டர்லதான்.” எழுந்து நின்றுகொண்டாள். “இங்கிலீஷ் புரியல. அவங்க வாய மட்டும் பாத்து பாத்து செஞ்சேன். பாதிதான் பாத்தேன், அப்பால நீங்க பூட்டிட்டீங்க. நாபகம் கீறத வச்சி பண்றேன்.”

“என்னாண்ட சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னேனே.”

அதே வாரம் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். காதில் குறையில்லை என்றார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா, வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். மனைவி செய்து காட்டினாள். “சரியாத்தான் செய்யறீங்க” என்றவர், எங்கள் இருவரையும் பார்த்து, “இன்னும் முன்னாடியே வந்திருக்கலாமே” என்றார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்திருந்தாலாவது தேவலாம் என்று இருந்தது.

அன்றே பாஸ்வேர்டை எடுத்தேன். அவள் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கினேன். பேச்சுப் பயிற்சி சொல்லித் தரும் சானல்களை இருவருமாகத் தேடிச் சேர்த்தோம். வீடியோவை நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரிந்த மட்டும் தமிழில் சொன்னேன். எனக்குப் புரியாத இடத்தை அவள் படத்தைப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். ஆனால் நாற்காலியின் விளிம்பில்தான் உட்காருவாள். நான் அறைக்குள் வந்தால் போதும், “நீங்க படிக்கணுமா? எழுந்துக்கட்டா?” என்பாள். வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பாள்.

அடுத்த வருடம் மெயின்டனன்ஸ் பிரிவுக்கு மாறினேன். மனைவி பாயசம் வைத்தாள். வீட்டுக்கு வந்த நண்பர்கள், “வாத்தியாரே இல்லாம நீயே கத்துகினியேப்பா” என்று முதுகில் தட்டினார்கள். அவள் டம்ளர்களை நீட்டிக்கொண்டிருந்தாள். அவளும் அப்படித்தான் கற்றாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நான் பூட்டியதையும் சொல்ல வேண்டுமே. பாயசத்தைக் குடித்தேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மகள் வாக்கியமாகப் பேசினாள். ‘ர’ மட்டும் வரவில்லை. மரத்தை ‘மலம்’ என்பாள். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று டீச்சர் சொன்னார். மனைவி சிரித்துக்கொண்டே திருத்துவாள், மகளும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. டேட்டா கார்டு என் சட்டைப் பையில் இருந்த அந்த மாதங்களில் இந்த எழுத்து வந்திருக்குமோ என்று தோன்றும். பேச்சுப் பயிற்சி அம்மாவிடம் ஒருமுறை தனியாகக் கேட்டேன். “அப்படியெல்லாம் கணக்குப் போட முடியாதுங்க” என்றார். வந்திருக்காது என்று அவர் சொல்லவில்லை.