கடைசி ஐந்து நிமிஷம்

ஹாகன் வீட்டுக்கு மூன்றாவது மருமகளாக வந்தவள் ஆர்டித். அவள் புருஷன் வெர்லினுக்குத் தானியக் கிடங்கில் வேலை. அமெரிக்காவின் அயோவாவில் குளிர்காலம் வந்துவிட்டால், சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரையும் ஊர்க் கல்லூரியின் கூடைப்பந்து அரங்கத்தில்தான் பார்க்கலாம்.

ஊர்க் கல்லூரி ஆடும் லீக் போட்டியில் மொத்தம் எட்டுக் கல்லூரிகள். யார் யாரை ஜெயிப்பார்கள் என்பது முதல் பனி விழுமுன்பே முடிவெட்டும் கடையில் பேசித் தீர்ந்துவிடும். பட்டியலில் கீழே கிடக்கும் இரண்டு மூன்று பேரை ஊர்ப் பையன்கள் ஜெயிப்பார்கள், மேலே இருப்பவர்களிடம் தோற்பார்கள். ஹார்ட்வெல் கல்லூரி வந்தால் கேட்கவே வேண்டாம், தோல்விதான். வெர்லினுடைய அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம்.

அதனால் ஐந்து நிமிஷம் மீதி இருக்கும்போதே பாதி ஊர் எழுந்துவிடும். வெளியே விறைத்துக் கிடக்கும் வண்டியைக் கிளப்பிச் சூடாக்க வேண்டுமே. அவர்கள் வீட்டில் அந்த வேலை ஆர்டித்துக்கு. வெர்லின் மட்டும் கடைசி மணி அடிக்காமல் நகரமாட்டான். பிறகு வந்து வண்டியில் ஏறி, கையைத் தேய்த்துக்கொண்டே ஆரம்பிப்பான்.

"தோத்தோம், அதை விடு. ஓல்சன் வீட்டுச் சின்னப் பையன் இருக்கானே, அவன் பந்தைப் பிடுங்கினான் பாரு..."

கதை வீடு வரைக்கும் வரும். இருபது புள்ளியில் தோற்ற ஆட்டம்கூட அவன் வாயில் ஒரு போர்க்களமாகிவிடும்.

சோள அறுவடை முடிந்த கையோடு வெர்லின் போய்ச் சேர்ந்தான். ஜனவரியில் ஹார்ட்வெல் வந்தபோது, அவன் தங்கை லவான் ஆர்டித்தைத் துணைக்கு அழைத்துப் போனாள். ஐந்து நிமிஷம் இருக்கையில் லவான் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"கிளம்பு. இது எப்படி முடியும்னு மாட்டுக்குக்கூடத் தெரியும்."

"நீ போய் வண்டியைக் கிளப்பு. இத்தனை வருஷத்துல இந்தக் கடைசி அஞ்சு நிமிஷத்தை நான் பார்த்ததே இல்லை."

அவன் பார்த்ததை ஒரு தடவையாவது பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

ஹார்ட்வெல் பயிற்சியாளர் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் உட்கார வைத்துவிட்டார். உள்ளே வந்த பையன்கள் நேரத்தைக் கடத்தப் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். பின்வரிசையில் யாரோ நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள். முடியப் போகும்போது, ஊர்க் கல்லூரியின் உயரமான பையன் ஒருவன் தூரத்திலிருந்து எறிந்தான். பந்து வளையத்தைத் தொடவே இல்லை. மணி அடித்தது.

இவ்வளவுதானா? இதையா வீடு வரைக்கும் சொன்னான் அந்த மனுஷன்? ஆர்டித் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

வண்டி நன்றாகச் சூடேறியிருந்தது. லவான் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்ததால், வெர்லின் உட்காரும் பக்கத்தில் ஏறினாள் ஆர்டித்.

"என்ன, வழக்கம்போலத்தானே?" என்றாள் லவான்.

ஆர்டித் கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"தோத்தோம், அதை விடு. கடைசியில ஒரு பையன் வந்தான், லவான். நெட்டையா இருப்பான். பாதி மைதானத்திலிருந்து எறிஞ்சான் பாரு..."

லவான் வண்டியை எடுக்காமல் அவளையே பார்த்தாள். அண்ணன் குரல் அவளுக்கும் தெரியும்.

"ம். அப்புறம்?"

ஆர்டித் கண்ணாடிக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறத்தைச் சொல்ல வெர்லின்தான் வர வேண்டும்.