உயிரோடு இருப்பவரின் சைக்கிள்

கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளராக இருக்கிறேன். பழைய சைக்கிள்களை இனங்காண்பது என் பொழுதுபோக்கு. சீற்றுக்குக் கீழே குழாய்கள் கூடுமிடத்தில் ஓர் இலக்கம் அடித்திருப்பார்கள். பின்சில்லின் நடுவிலுள்ள கியர் உருளையில் அது செய்யப்பட்ட ஆண்டின் எண்கள் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் சைக்கிள் அசலா, கண்ட கண்ட பாகங்களைப் பொருத்தி ஒப்பேற்றியதா என்று சொல்லிவிடலாம். எவரிடமும் படிக்கவில்லை. பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பழகியது.

சேகரிப்பாளர்களின் கைபேசிக் குழு ஒன்றில் யாரோ என்னைச் சேர்த்துவிட்டார்கள். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் படம் அனுப்பி, "சேர், இது அசலோ?" என்று கேட்பார்கள். பாடசாலையில் என்னை யாரும் சேர் என்று அழைப்பதில்லை. அந்தச் சொல்லில் மயங்கித்தான் கிடந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. ஒருநாள் வன்னிப் பக்கம் சைக்கிள் தேடி வர இருந்தவருக்கு இன்னொருவர் ஆலோசனை எழுதியிருந்தார்: "புருசன் இல்லாத வீடாப் பாருங்கோ. கேள்வி கேக்காமல் கெதியாக் குடுப்பினம்." கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். என்றாலும் நான் குழுவை விட்டு விலகவில்லை.

அதே குழுவில்தான் வவுனியாவில் இருக்கும் வியாபாரி ஒருவர் அறிமுகமானார். பழைய சைக்கிள்களை வாங்கித் திருத்திச் சேகரிப்பாளர்களுக்கு விற்பவர். வட்டக்கச்சியில் கியர் உள்ள இங்கிலாந்துச் சைக்கிள் ஒன்று நிற்பதாகக் கேள்விப்பட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

சைக்கிளின் சொந்தக்காரர் கலவரத்துக்குப் பயந்து மலைநாட்டிலிருந்து இளவயதில் வந்து இங்கே வயல் செய்பவர். எழுபதை நெருங்கும் வயது. பேச்சில் இன்னும் மலையின் வாடை போகவில்லை. எங்களைக் கண்டதும், "வாங்க தம்பி, உக்காருங்க" என்று கதிரையைத் தூக்கிப்போட்டார். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி மிதிக்க முடியாது, வாங்குகிறவர் பத்திரமாக வைத்திருந்தால் போதும் என்றார். நான் மண்டியிட்டுத் துணியால் துடைத்துப் பார்த்தேன். இலக்கமும் உருளையும் பொருந்தின. சங்கிலிக்கவசத்தில்கூட நெளிவு இல்லை.

"சண்டைக்கு எப்பிடி ஐயா தப்பினது?" என்று கேட்டேன்.

"அது சண்டையைப் பாக்கவே இல்ல தம்பி. முன்னாடியே வவுனியாவுல தங்கச்சி வீட்டுல விட்டுட்டேன். முல்லைத்தீவு வரைக்கும் நாங்கதான் நடந்தோம்."

வியாபாரி கேட்டுக்கொண்டுதான் நின்றார். நியாயமான விலை பேசினார். அதில் குறை சொல்ல மாட்டேன். புறப்படும்போது, "ஐயா, சைக்கிளோட ஒருக்கா நில்லுங்கோ" என்று படமும் எடுத்தார். பெரியவர் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு குழுவில் அந்தப் படம் வந்தது. நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கியிருந்தார்கள். அதன் கீழே, இறுதி யுத்தத்தில் இந்தச் சைக்கிளை ஓட்டிச் செல்லும்போதே உயிரிழந்த விவசாயி என்று எழுதியிருந்தது. அடுத்த படத்தில் சைக்கிள். சங்கிலிக்கவசத்தில் மூன்று ஓட்டைகள். பெருப்பித்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே அளவு. விளிம்பு உள்ளே மடியவில்லை, கிழியவுமில்லை. துளைக்கருவி போட்ட வட்டம். சுற்றி வழிந்திருந்த துரு செம்மஞ்சளாக இருந்தது. அமிலம் பட்ட இரும்பு அப்படித்தான் நிறம் மாறும். அதை ஆய்வுகூடத்தில் தினமும் பார்ப்பவன் நான். கடைசியில் ஒரு வரி: அசல் என்று உறுதிப்படுத்தியவர் கிளிநொச்சி நிபுணர். அது நான்தான்.

உடனே வியாபாரியை அழைத்தேன்.

"அந்த மனிசன் உயிரோட இருக்குதெல்லோ. என்ன வேலை செய்திருக்கிறீர்?"

"அண்ணை, கோவிக்காதேங்கோ. வெறும் சைக்கிளை ஆர் வாங்குறது? வெளிநாட்டில இருக்கிறவைக்குக் கதை வேணும். உங்களுக்குத் தெரிஞ்ச இடத்தில உண்மையாவே வெடி பட்டது கிடந்தாச் சொல்லுங்கோ. எனக்கும் ஓட்டை போடுற வேலை மிச்சம்."

அவர் சிரித்தது காதுக்குள் ஒட்டிக்கொண்டதுபோல இருந்தது. கைபேசியை மேசையில் வைத்துவிட்டுப் போய்க் காதைக் கழுவினேன்.

மறுநாள் வட்டக்கச்சிக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னரே போய்விட்டிருந்தது. கனடாவிலிருக்கும் பெரியவரின் அண்ணன் மகள் படத்தைக் கண்டு கதறியபடி அழைத்திருக்கிறாள். சித்தப்பா போன பிறகும் இத்தனை வருடமாகத் தன்னுடன் பேசியது யார் என்றே ஒரு கணம் திகைத்தாளாம். பெரியவரின் மனைவி என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"ஏந்தம்பி, என் நெத்தியில பொட்டு இருக்கையிலயே இவரக் கொன்னுட்டீங்களே. நீங்கதானே அவனோட வந்து பாத்துச் சொன்னீங்க?"

"ஓம் அம்மா. நான்தான்" என்றேன்.

பெரியவர் சத்தம் போடவில்லை. "நடந்து போன வழியில எவ்வளவு பேரு விழுந்தாங்க. அவங்கள எவனும் படம் புடிக்கல. நிக்கிற என்னைய எதுக்கு விழவச்சான்?" என்று கேட்டார். பிறகு, "நான் பேசுறேன், நீங்க புடிங்க" என்று என் கைபேசியைக் காட்டினார். முற்றத்தில் நின்று, நான் சாகவில்லை, அந்தச் சைக்கிள் ஒரு வெடிச்சத்தத்தைக்கூடக் கேட்டதில்லை என்று நிதானமாகச் சொன்னார். அதைக் குழுவில் போட்டேன். ஓட்டைகள் போலி என்றும், எப்படித் தெரியும் என்றும் எழுதினேன்.

வெட்கப்படுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருவர், "வியாபாரத்தைக் குழப்பாதேங்கோ" என்றார். இன்னொருவர், "ஆள் நல்லாக் கதைக்கிறார், வேற பழைய சாமான் வச்சிருக்கிறாரோ?" என்று கேட்டார். வியாபாரி பெரியவரின் படத்தை மட்டும் நீக்கினார். கதை அப்படியே இருந்தது. சனிக்கிழமைக்குள் சைக்கிள் விலைப்பட்டுவிட்டது. வாங்கியவர் என்னைக் கைபேசியில் தனியாக அழைத்து, ஓட்டை போலியென்றாலும் பரவாயில்லை, சுவரில் மாட்டினால் பார்க்க நன்றாக இருக்கும் என்றார்.

அன்று குழுவிலிருந்து விலகினேன். பெருமைப்பட ஒன்றுமில்லை, முன்னரே போயிருக்க வேண்டியவன்.

பெரியவர் வீட்டுக்கு அதன்பிறகு ஒருமுறை போனேன். தேநீர் தந்தார்கள். சைக்கிளைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. போன மாதம் முரசுமோட்டைச் சந்தியில் ஒருவர் மரக்கறிச் சாக்கைக் கட்டிய சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டுக் கடைக்குள் போனார். கால்கள் தாமாகவே அதை நோக்கி நடந்தன. குனிந்து, சீற்றின் கீழே இலக்கம் இருக்கும் இடத்தில் விரலையும் வைத்துவிட்டேன். வெளியே வந்தவர், "என்ன அண்ணை, என்ன பாக்கிறியள்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.