அண்ணி போட்ட கைப்பிடி

என் அண்ணிக்குச் சட்டைக் கம்பெனியில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற வேலை. நாள் முழுக்க மெஷின் முன்னால் குனிந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், குளியலறைத் தரையைத் தேய்க்க உட்காருவாள். என் அப்பா இடுப்பெலும்பு முறிந்து எழுந்ததிலிருந்து இதுதான் அவள் பிழைப்பு. இன்னொரு தடவை விழுந்தால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

வழுக்காத ரப்பர் விரிப்பு, உட்கார்ந்து குளிக்க ஸ்டூல் எல்லாம் அவள் வாங்கியது. அப்பா விழுந்தால் உள்ளே போக முடியவேண்டுமே என்று கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினாள். பிளம்பர் பின்னாலேயே அலைந்து சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தினாள். என் அண்ணன் என்ன செய்தான்? அந்தக் கம்பியில் தன் ஈரத்துண்டைக் காயப்போட்டான், மகராசன்!

"துண்டோட சேத்துப் பிடிச்சா வழுக்கிடும்ங்க. எத்தனை தடவதான் சொல்றது?" என்பாள் அண்ணி.

"சும்மாதானே கெடக்கு கம்பி" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா அவனுக்கு மேல். கம்பியைத் தொட்டால் கௌரவம் போய்விடும் அவருக்கு. மருமகள் உள்ளே வந்துவிடக் கூடாதென்று, தண்ணீர் நிரம்பிய வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் குளிப்பார். அண்ணி வெளியே நின்று, "மாமா, இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பாள்.

"இருக்கேன், எங்க போகப்போறேன்!" என்று எரிந்து விழுவார்.

ஒருநாள் சாயங்காலம் நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி அப்போதுதான் வேலையிலிருந்து வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குளியலறையில் தடாலென்று சத்தம். கூப்பிட்டால் பதில் இல்லை. கதவைத் தள்ளினால் வாளி நகரவில்லை. ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டு பேரும் தோளால் இடித்து இடித்து வாளியைக் கவிழ்த்தோம்.

அப்பா ஈர லுங்கியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் அண்ணனின் துண்டு. காலை நீட்டி மடக்கிக் காட்டி, "ஒண்ணும் ஆகல, போங்க போங்க" என்றார். வெட்கத்தில்தான் இவ்வளவு நேரம் வாயைத் திறக்கவில்லை.

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கப்போனோம். எங்கள் கையை உதறிக்கொண்டே இருந்தார். அண்ணி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்த ஈரத்திலேயே அவர் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, நான் ரொம்ப அலுத்துப்போயிட்டேன். நீங்க படுத்துட்டா என்னால பாத்துக்க முடியாது. சத்தியமா முடியாது. பாசத்துல இதெல்லாம் பண்றேன்னு நெனச்சுக்காதீங்க. எனக்குப் பயம்."

இப்படி ஒரு பேச்சை அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

அப்பா கையிலிருந்த துண்டை ஓரமாகப் போட்டார்.

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு" என்றார். பிறகு, முதல் முறையாக, அவளிடம் கையை நீட்டினார். "தூக்கி விடும்மா."

"கொஞ்சம் இருங்க மாமா" என்றாள் அண்ணி. "மொதல்ல நான் எழுந்துக்கறேன்."